போர்மேன் துண்டும் முப்பட்டைக் கோரையும்

ஆய்வு அதிகாரி வந்து சேர இன்னும் இரண்டே கால் மணி நேரம்தான் இருந்தது. போர்மேன் சங்கிலிமுத்து, பட்டாசு காய வைக்கும் சிமெண்ட் மேடையில் கணுக்கால் முழுகிய தண்ணீரில் குனிந்து நின்று கோரை பிடுங்கிக்கொண்டிருந்தார். எம். புதுப்பட்டியில் மழை பெய்து நூற்றுப் பதினோரு நாள் ஆகியிருந்தது. சுற்றிலும் மண் வெடித்து, ஓணான்கூட நிழல் தேடி ஓடுகிற வைகாசி. மேடைக்குச் சுற்றுச்சுவர் கிடையாது, விளிம்புகூடக் கிடையாது. ஆனாலும் தண்ணீர் ஒரு சொட்டு கீழே வழியாமல், வெட்டி வைத்த அல்வா மாதிரி மேடை அளவுக்கு நின்றது. ஒரு கொக்கு ஒற்றைக் காலில் நின்று அவர் வேலை செய்வதைச் சூப்பர்வைசர் கணக்காகப் பார்த்துக்கொண்டிருந்தது. அவர் பிடுங்கினார், சாக்கில் அடைத்தார், சாக்கைக் கட்டினார், திரும்பினார். பிடுங்கிய இடத்தில் பச்சையாக ஒரு விரல் நீளத்துக்கு மறுபடி முளைத்திருந்தது. சங்கிலிமுத்து வியர்வையைப் புறங்கையால் துடைத்தார். தலையில் இறுக்கிக் கட்டியிருந்த துண்டை மட்டும் அவிழ்க்கவில்லை. அந்தத் துண்டைப் பங்குனியிலிருந்தே அவர் யார் முன்னாலும் அவிழ்த்ததில்லை. காரணம் கடைசியில் வரும். அதுவரை துண்டு தலையிலேயே இருக்கட்டும்.

பத்தே காலுக்கு ஜீப் வந்தபோது கோரை இடுப்பு உயரம். அதிகாரி இறங்கி மேடையைப் பார்த்தார், கொக்கைப் பார்த்தார், முதலாளி தங்கப்பாண்டியனைப் பார்த்தார். பைப் உடைப்பு என்று தங்கப்பாண்டியன் சொல்லி முடிப்பதற்குள் அதிகாரியின் பூட்ஸ் மேல் ஒரு தவளை ஏறி உட்கார்ந்தது. அவர் கோபப்படவில்லை. தவளையை எடுத்து ஓரமாக விட்டுவிட்டு, நோட்டில் நாலு வரி எழுதினார். அந்த நாலு வரி அடுத்த வாரமே சூலக்கரை கலெக்டர் அலுவலகத்தில் ஒரு கோப்பாகப் பருத்துவிட்டது. கோப்பின் சாரம் இவ்வளவுதான்: மேடையில் முளைத்திருப்பது காட்டில் மேட்டில் எங்கும் வருகிற களையா, இல்லை நீர்நிலையில் மட்டும் வளருகிற கோரையா? களை என்றால் பிடுங்கிப் போட்டு வேலையைப் பார்க்கலாம். நீர்க்கோரை என்றால் அந்த இடம் நீர்நிலை, நீர்நிலையில் பட்டாசு கம்பெனிக்கு லைசென்ஸ் இல்லை. ஆடி மாதம் மூன்றாம் வெள்ளிக்கிழமைக்குள் செடியின் பெயரையும் வாழிடத்தையும் தகுந்தவரிடம் எழுதி வாங்கிக்கொண்டு வர வேண்டும், வராவிட்டால் நீர்நிலை என்றே முடிவு. தீபாவளி சீசன் தலைக்கு மேல் நிற்க, முப்பத்தெட்டுப் பேரின் வேலை ஒரு செடியின் பெயரில் தொங்கியது.

சங்கிலிமுத்து அந்தக் கம்பெனியில் இருபத்தேழு வருஷம். வெடிமருந்து அறைக்குள் போகுமுன், உடம்பில் ஏறிய மின்சாரம் இறங்க, செம்புத் தகட்டைத் தொடாத கையை அவர் உள்ளே விட்டதில்லை. நாலு பேருக்கு மேல் ஒரு அறையில் நின்றால் ஐந்தாவது ஆளின் நிழலைக்கூட வெளியே போகச் சொல்லுவார் என்று பேச்சு. அவர் போர்மேனாக இருந்த காலம் முழுக்க அங்கே ஒரு தீப்பொறி விழுந்ததில்லை. இப்பேர்ப்பட்ட ஆளின் கண் முன்னால்தான் பங்குனியில் மேடை ஓரத்தில் ஒற்றைக் கோரை எட்டிப் பார்த்தது. மறுநாள் ஒன்பது, அதற்கு மறுநாள் எண்ண முடியவில்லை, அதற்கு மறுநாள் தண்ணீர். காய வைத்த பூச்சட்டி வாணங்கள் கொழுக்கட்டையாகின. தங்கப்பாண்டியன் ஜேசிபி வைத்துத் தோண்டிப் பார்த்தார். கீழே சுக்கான் பாறை, நாக்கை வைத்தால் ஒட்டிக்கொள்கிற காய்ச்சல். தண்ணீர் கீழேயிருந்து வரவில்லை, மேலேயிருந்தும் வரவில்லை. அப்புறம் எங்கேயிருந்து என்று கேட்ட மேஸ்திரி, கேட்ட கையோடு கூலியை வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

செடியை வேரோடு கொண்டுபோய் ஆனைக்குட்டம் அணையில் விட்டுவிட்டு வரும்படி முதலாளி சொன்னார். சங்கிலிமுத்து டிராக்டரில் ஏற்றிக்கொண்டு போனார். அணையின் அந்த மூலை ஆறு மாதமாகக் காய்ந்து, பையன்கள் கிரிக்கெட் ஆடுகிற இடமாகியிருந்தது. அவர் இறங்கி நடந்து கோரையை ஊன்றினார். ஊன்றிவிட்டு நிமிருகையில் ஸ்டம்பு மிதந்தது. கை கழுவிவிட்டு டிராக்டரில் ஏறி அவர் சாலையைத் தொட்டதும் அந்த மூலை மறுபடி காய்ந்துவிட, பையன்கள் நனைந்த பந்தை மாற்றிக்கொண்டு ஆட்டத்தைத் தொடர்ந்தார்கள். அவர் கம்பெனிக்குத் திரும்பி மேடை ஓரத்தில் இறங்கும்போது மேடையில் தண்ணீர் ததும்பி நின்றது. இன்னொரு தடவை, சித்திரையில், அருப்புக்கோட்டையில் ஒரு கல்யாணத்துக்கு மூன்று நாள் லீவு போட்டார். அந்த மூன்று நாளும் மேடை காய்ந்தது, கோரை தலை தொங்கியது. தங்கப்பாண்டியன் தான் சுற்றிப்போட்ட எலுமிச்சம்பழத்துக்கு மகிமை என்று ஊரெல்லாம் சொன்னார். அதே மூன்று நாள் அருப்புக்கோட்டை மண்டபத்தில் பந்தியில் உட்கார்ந்தவர்கள் கால்களைப் பெஞ்சின் மேல் தூக்கி வைத்துக்கொண்டு சாப்பிட்டார்கள். மாப்பிள்ளை வீட்டார் தொட்டி நிரம்பி வழிகிறது என்றார்கள், பெண் வீட்டார் ரசம் தண்ணியாக இருக்கிறது என்றார்கள். இரண்டு ஊர்ச் சேதியையும் சேர்த்து வைத்துப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை. தோன்ற வேண்டிய ஒரே ஆள் துண்டை இன்னும் கொஞ்சம் இறுக்கிக் கட்டிக்கொண்டார்.

விருதுநகரில் ஒரு கல்லூரியில் தாவரவியல் சொல்லிக்கொடுத்த மஹ்ரீனுக்கு எம். புதுப்பட்டி புதிதில்லை. அவள் வாப்பா முகம்மது யூசுப்பின் அச்சகம் சிவகாசியில் பட்டாசுப் பெட்டிகளுக்கு லேபிள் அடிப்பது. தங்கப்பாண்டியன் கம்பெனி மயில் லேபிளும் அங்கேதான். செடிக்குப் பெயர் சொல்லத் தங்கப்பாண்டியன் கூப்பிட, ஆனி பிறந்த முதல் வாரத்தில் ஸ்கூட்டரில் வந்து இறங்கினாள். கையில் ஒரு உருப்பெருக்கிக் கண்ணாடி, ஒரு அடிக்கோல், செடியை வைத்து அழுத்தப் பழைய செய்தித்தாள் கட்டு. தண்ணீரில் இறங்கி ஒரு தண்டை விரல்களுக்கிடையே உருட்டினாள். உருளவில்லை. புல்லுக்குத் தண்டு உருண்டை, கோரைக்கு மூன்று பட்டை, அதனால் இது கோரை என்று சொன்னாள். கூடியிருந்தவர்கள் அது தங்களுக்கே தெரியும் என்று சொன்னார்கள். எந்தக் கோரை என்பதுதான் கேள்வி. கோரையில் அண்ணன் தம்பி நூற்றுக்கணக்கில், இலையும் தண்டும் எல்லாருக்கும் ஒரே சாயல், பூவும் அதில் விளைகிற கடுகளவு காயும் கிடைத்தால்தான் யார் யார் என்று பிரிக்க முடியும். மேடையில் ஆயிரக்கணக்கில் கோரை நின்றது. ஒன்றில்கூடப் பூ இல்லை.

“பூ இல்லாம இதுக்குப் பேரு சொல்லச் சொல்றது, மூஞ்சிய மூடிக்கிட்டு நிக்கிற ஆளுக்கு ஆதார் எடுக்கச் சொன்ன மாதிரி,” என்றாள் மஹ்ரீன். எல்லாரும் சிரித்தார்கள். சங்கிலிமுத்து சிரிக்கவில்லை.

அன்றிலிருந்து பூவுக்குக் காவல். மஹ்ரீன் கல்லூரி விட்ட சாயங்காலங்களிலும் லீவு நாளிலும் குடை பிடித்துக்கொண்டு மேடை ஓரம் உட்கார்ந்தாள். கோரை வளர்ந்தது, சாய்ந்தது, பக்கத்தில் குட்டி போட்டது, பூக்க மட்டும் மாட்டேன் என்றது. பேக்கிங் அறையில் வேலை பார்த்த சோலையம்மாள், அவள் சங்கிலிமுத்துவின் சம்சாரம், பூப்பது எப்படி என்று அதற்குத் தெரியாமல் இருக்கலாம், ஒரு பூச்சட்டியைக் கொளுத்திக் காட்டினால் கற்றுக்கொள்ளும் என்று யோசனை சொன்னாள். கம்பெனிக்குள் நெருப்பு கூடாது என்பதால், முகம்மது யூசுப் அடித்த பூச்சட்டி லேபிள்களை நூலில் கோத்து மேடையைச் சுற்றித் தோரணம் கட்டினார்கள். கோரை இரண்டு நாள் அந்தப் படங்களின் பக்கம் சாய்ந்து நின்றது. மூன்றாம் நாள் நிமிர்ந்துகொண்டது. தங்கப்பாண்டியன் உரம் போட்டார், திட்டினார், பிறகு மன்னிப்புக் கேட்டார். ஆனி முடிந்தது. ஆடி பிறந்தது.

பூவுக்குக் காத்திருந்த மஹ்ரீன் சும்மா உட்காரவில்லை. அடிக்கோலை மேடையில் நட்டு, அரை மணிக்கு ஒரு தரம் தண்ணீரின் ஆழத்தை நோட்டில் எழுதினாள். பதினாறாம் நாள் அவள் தேநீர் குடிக்கப் போன இடைவெளியில் சங்கிலிமுத்து அந்த நோட்டை எட்டிப் பார்த்தார். பக்கம் முழுக்க இரண்டே பத்தி. ஒன்றுக்கு மேல் ‘ச.மு. உள்ளே’ என்று எழுதியிருந்தது. மற்றதற்கு மேல் ‘ச.மு. வெளியே’. அவர் நோட்டை மூடி, மூடிய மாதிரியே வைத்துவிட்டு நிமிரும்போது அவள் டம்ளரோடு பின்னால் நின்றாள்.

“அண்ணே, நீங்க சாப்பிட வேப்ப மரத்தடிக்குப் போனா இங்கன தண்ணி நாலு விரக்கடை எறங்குது.”

“அதுக்கும் பசிக்கும்லா, டீச்சர்.”

“வேப்ப மரத்தடியில நாலு விரக்கடை ஏறுது.”

சங்கிலிமுத்து கொக்கைப் பார்த்தார். கொக்கு வேறு பக்கம் பார்த்தது.

“தலையில எதுக்குண்ணே துண்டு?”

“வெயிலு.”

“நிழல்லயும் கட்டியிருக்கீக.”

“நிழலு வெயிலாகுறதுக்கு எம்புட்டு நேரம் ஆகும், டீச்சர்,” என்று சொல்லிவிட்டு அவர் மருந்து அறைப் பக்கம் நடந்தார். அவர் நடக்க நடக்க மேடைத் தண்ணீரில் ஒரு சுருக்கம் விழுந்து அந்தப் பக்கமாக நகர்ந்தது. மஹ்ரீன் நேரத்தைக் குறித்துக்கொண்டாள். ஆனால் அவளால் செய்ய முடிந்தது அவ்வளவுதான். ஒரு மனிதனின் பெயரை இரண்டு பத்தி எண்களை வைத்துக்கொண்டு அரசாங்கக் கோப்பில் எழுத முடியாது. பூ வேண்டும்.

அவர் பயம் இன்னதென்று சங்கிலிமுத்துவுக்குத் தெளிவாகத் தெரியும். பட்டாசுத் தொழிலில் பெண்ணுக்கு இடமுண்டு, கிழவனுக்கு இடமுண்டு, ஒரு கண் தெரியாதவனுக்குக்கூடப் பெட்டி ஒட்டுகிற இடமுண்டு. ஈரமான மனிதனுக்கு மட்டும் இடமில்லை. வேறு எந்தத் தொழிலும் அவருக்குத் தெரியாது. வீட்டில் கட்டிலின் கால்களுக்கு அடியில் மும்மூன்று செங்கல் வைத்துச் சோலையம்மாள்தான் உயர்த்தியிருந்தாள். காலையில் எழுந்ததும் கட்டிலடியிலிருந்து இரண்டு கெளுத்தி மீனைப் பிடித்துச் சட்டியில் போடுவதை அவள் பழகிக்கொண்டாள், ஏன் எதற்கு என்று ஒரு வார்த்தை கேட்டதில்லை. பக்கத்து வீட்டுக்காரி கேட்டபோது அவருக்கு வேர்வை ஜாஸ்தி என்று சொல்லிவிட்டாள். தினமும் விடிந்ததும் அவருக்கு ஒரு துவைத்த துண்டை எடுத்து வைப்பாள். இப்படியே ஆடி மூன்றாம் வியாழக்கிழமை வந்தது. மறுநாள் விசாரணை. மேடையில் பூ இல்லை. முப்பத்தெட்டுப் பேரும் அன்றைக்கு வேலையை மெதுவாகச் செய்தார்கள், சீக்கிரம் முடித்துவிட்டால் கம்பெனி சீக்கிரம் முடிந்துவிடும் என்பதைப் போல. அன்று காலையில் சோலையம்மாள் துண்டை எடுத்து வைக்கவில்லை. அவர் கேட்டதற்கு, “எல்லாம் ஈரமாக் கெடக்குங்க,” என்று மட்டும் சொன்னாள். அவர் நேற்றைய துண்டையே கட்டிக்கொண்டு வெளியே போனார்.

அன்று பதினோரு மணிக்கு கல்லூரியில் மஹ்ரீனின் மேஜை மேல் ஒரு கோரைப் பூங்கொத்து இருந்தது. பழுப்பு நிறம், ஒரு சாண் நீளம், குடை விரித்த மாதிரி கதிர்கள், ஒவ்வொன்றிலும் முற்றிய காய். அவள் கதவைச் சாத்திக்கொண்டு கண்ணாடி வழியே மூன்று மணி நேரம் பார்த்தாள். காய்க்கும் மூன்று பட்டை, மேல் தோலில் வரி வரியாகப் புள்ளி. நகத்தால் கீறினால் கந்தக வாசனை. அவளிடமிருந்த எந்தப் புத்தகத்திலும் அது இல்லை. ஒரு தாளில் எல்லா விவரமும் எழுதினாள். செடி ஒட்டுகிற அட்டையில் வைக்கச் சுத்தமாக அச்சடித்த விவரச்சீட்டு வேண்டுமே என்று அதைச் சிவகாசிக்கு வாப்பாவிடம் அனுப்பினாள். அவசர ஆர்டர். அச்சகத்தில் அன்றைக்கு மெஷினில் நின்றவர்கள் முப்பது வருஷமாக லேபிளைத் தவிர வேறொன்றும் அடிக்காதவர்கள். தாவரம், வாழிடம், சேகரித்த இடம் எல்லாம் பிழையில்லாமல் அடித்தார்கள். சுற்றிலும் தங்க நிறத்தில் பார்டர் போட்டார்கள். மேலே கம்பெனி மயிலை வைத்தார்கள். கீழே சிவப்பில், திறந்த வெளியில் பயன்படுத்தவும், கையில் வைத்துக் கொளுத்தாதீர்கள், சிறுவர்கள் பெரியவர் துணையுடன் மட்டும். மாற்றி அடிக்க நேரமில்லை. மஹ்ரீன் பசை தடவி ஒட்டினாள்.

வெள்ளிக்கிழமை சூலக்கரையில் விசாரணை அலுவலர் லட்சுமிகாந்தத்தின் அறையில் தங்கப்பாண்டியன், மஹ்ரீன், சோலையம்மாள், சங்கிலிமுத்து நாலு பேரும் நின்றார்கள். சங்கிலிமுத்து தலையைப் படிய வாரி, துண்டைத் தோளில் போட்டிருந்தார். அதை யாரும் கவனிக்கவில்லை, ஏனென்றால் எல்லாரும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தண்ணீர் கணுக்காலுக்கு வந்திருந்தது. இரண்டு பியூன்கள் யாரும் சொல்லாமலே கீழ்த் தட்டுக் கோப்புகளைப் பீரோவின் மேல் தட்டுக்கு மாற்றிக்கொண்டிருந்தார்கள். லட்சுமிகாந்தம் முப்பத்தொரு வருஷ சர்வீஸில் பட்டா இல்லாத கிணறு, கிணறு இல்லாத பட்டா, இரண்டும் பார்த்தவர். செருப்பைக் கழற்றிக் கால்களைச் சௌகரியமாக வைத்துக்கொண்டு அட்டையை வாங்கினார்.

“இது என்னம்மா, கையில் வைத்துக் கொளுத்தாதீர்கள்?”

“அது அச்சகத்துப் பழக்கம், சார். அதுக்கு மேல வாசிங்க.”

அவர் வாசித்தார். கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி வாசித்தார். பிறகு, விலைப்பட்டியல் படிக்கிற குரலில் சத்தமாகச் சொன்னார்: “வாழிடம். சங்கிலிமுத்து, ஆண், வயது ஐம்பத்திரண்டு. சுற்றிலும் பதினைந்து அடி. ஆழம் கணுக்கால் முதல் முழங்கால் வரை. வேறெங்கும் காணப்படவில்லை.”

அறையில் ஒரு தவளை மட்டும் பேசியது. லட்சுமிகாந்தம் சங்கிலிமுத்துவை வெளியே போய் நிற்கச் சொன்னார். அவர் போனார். தண்ணீர் கதவிடுக்கு வழியே அவர் பின்னால் ஒழுங்காக வரிசையில் போயிற்று. தரை காய்ந்தது. உள்ளே வரச் சொன்னார். வந்தது. இன்னொரு தடவை செய்து பார்த்தார், அது சந்தேகத்துக்காக இல்லை, விசிறி ஓடாத அறையில் காலுக்கு இதமாக இருந்ததற்காக. பிறகு உத்தரவு எழுதினார். மேற்படி சர்வே எண்ணில் உள்ள இடம் நீர்நிலை அல்ல, கம்பெனி தொடரலாம். தங்கப்பாண்டியன் கும்பிட்டார்.

தாழ்வாரத்துக்கு வந்ததும் தங்கப்பாண்டியன் சங்கிலிமுத்துவின் கையைப் பிடித்துக்கொண்டார். கண் கலங்கியிருந்தது, அது நடிப்பில்லை. “சங்கிலிண்ணே, கோவிச்சுக்கிடாதீக. நீங்க இல்லன்னா கம்பெனியே இல்ல. ஆனா மருந்து வேலை. இந்த ஈரத்தோட...”

“தெரியும் மொதலாளி,” என்றார் சங்கிலிமுத்து. “சாவிக்கொத்து மேஜை டிராயர்ல இருக்கு. செம்புத் தகட்டை வாரத்துக்கு ஒருக்கா தேய்க்கச் சொல்லுங்க.”

அதற்குள் பியூன் உத்தரவின் இரண்டாம் பக்கத்தைக் கொண்டுவந்து நீட்டினான். முதல் பக்கம் முடிந்ததும் ஆட்கள் எழுந்து போய்விடுவது சூலக்கரையில் வழக்கம். வேறெங்கும் காணப்படாத தாவரத்தின் ஒரே வாழிடம் மேற்படி சங்கிலிமுத்து என நிறுவப்பட்டுள்ளதால், அவர் நீர்நிலையாகக் கருதப்படுகிறார். நீர்நிலையை மூடவோ, வடிக்கவோ, ஆக்கிரமிக்கவோ, அது வழக்கமாக இருந்துவரும் இடத்திலிருந்து அகற்றவோ எவருக்கும் அதிகாரம் இல்லை. இருபத்தேழு வருஷமாக இருந்துவரும் இடம் எம். புதுப்பட்டி கம்பெனி. தங்கப்பாண்டியன் இதை இரண்டு முறை படித்துவிட்டு, நின்ற இடத்திலேயே தண்ணீரில் உட்கார்ந்தார். சோலையம்மாள் குனிந்து, “வேட்டி நனையுது மொதலாளி,” என்றாள்.

மேடைக்குத் தொலைவில், வாசல் பக்கம், தீயணைப்புத் தொட்டியை ஒட்டி அவருக்கு ஒரு கல் இருக்கை போட்டார்கள். அங்கிருந்தே போர்மேன் வேலை. மேடை காய்ந்து, பூச்சட்டிகள் பதமாகக் காய்ந்தன, சீசன் லோடு முழுக்கப் போய்ச் சேர்ந்தது. தொட்டிக்குத் தண்ணீர் லாரி வருவது அந்த ஆடியோடு நின்றது. நாலு வருஷம் ஆகிறது. வேலைக்குள் போகிறவர்கள் செம்புத் தகட்டைத் தொட்டுவிட்டு, போகிற வழியில் அவர் அருகே காலை நனைத்துக்கொண்டு போகிறார்கள். சித்திரை வெயிலில் அக்கம்பக்கத்துக் கம்பெனிகள் அரை நாளுக்கு அவரை அனுப்ப முடியுமா என்று எழுதிக் கேட்கின்றன, சூலக்கரை அனுமதி இல்லாமல் அவர் போவதில்லை. தை மாதம் பறவை எண்ணுகிறவர்கள் தொலைநோக்கியோடு வந்து அவர் எதிரே இருபதடி தள்ளி உட்கார்ந்து எண்ணிக்கொண்டு போகிறார்கள். போன வருஷம் பதினோரு சிறவி வாத்து, நாலு நீர்க்கோழி, ஒரு கொக்கு. அந்தக் கொக்கு பழைய ஆள்தான். கோரைக்கு மஹ்ரீன் நீளமாக ஒரு பெயர் வைத்திருக்கிறாள், ஊரில் போர்மேன் கோரை என்றால்தான் தெரியும்.

அவள் ஒட்டிய அட்டை விருதுநகரில் கல்லூரி பீரோவில் இருக்கிறது, மயிலும் தங்க பார்டரும் மங்கவில்லை. அன்றைக்கு லட்சுமிகாந்தம் வாழிடத்தோடு வாசிப்பதை நிறுத்திவிட்டார், தேநீர் வந்துவிட்டது. அதற்குக் கீழே, கொளுத்தும் எச்சரிக்கைக்கு மேலே, இன்னும் மூன்று வரி உண்டு.

சேகரித்த இடம்: இடது காதுக்குப் பின்னால், துண்டுக்கு அடியில். பூத்தது அது ஒன்றே.

சேகரித்தவர்: சங்கிலிமுத்து.

குறிப்பு: வியாழன் காலை 10.40. கூப்பிடாமல் தானே வந்தார். வேலை போய்விடும் என்று தெரியுமா என்று கேட்டேன், தெரியும் என்றார். பிடுங்கும்போது வலித்ததாகச் சொல்லவில்லை.